ஒடிந்ததும் ஒடித்ததும்

தோட்ட ஆபீஸ், ஜாசின்
5-5-1957

அன்பு மனைவி கோகிலாவுக்கு,

இங்கே நானும் குழந்தை விஜயாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம்; மனசுக்குத்தான் ஆறுதல் இல்லை. நீ மலாக்கா டவுனில், காஜா பேராங்கில், ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாவின் கிளினிக்கில் இருப்பதாக லாரி ஓட்டும் சேதுராமன் நேற்றுத்தான் சொன்னார். இரண்டு வாரமாக நீ எங்கே போனாய் என்று தெரியாமல் நான் பட்ட பாடு உனக்குச் சொன்னால் புரியாது.

நீ நட்ட கொய்யா இந்த வருஷம் காய்த்துத் தள்ளுகிறது. பறிக்க ஆள் இல்லாமல் வௌவால் தின்கிறது. ஜெயாதான் வந்து சமைத்துப் போடுகிறாள். என் கூடப் பிறந்தவள் என்று வெளியே சொல்ல முடியாத அளவுக்கு ஒரு குழம்பு! ஆறு வயதுப் பிள்ளைகூட, "அம்மா வச்ச மாதிரி இல்லப்பா" என்கிறது. விஜயா தினமும் என் மடியில்தான் தூங்குகிறாள்.

அன்றைய விஷயத்தைப் பற்றி என்ன எழுதுவது? ஆபீசில் துரையிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவனிடம் நீ ஒரு வார்த்தை சொன்னாய். பேச்சு முற்றிவிட்டது. கோபம் வந்துவிட்டது. கை ஒடிந்துபோனது. வயிற்றில் இருந்ததும் தங்கவில்லை. நம் போதாத காலம், யாரை நோவது? நடந்ததை மறந்து வீடு வந்து சேர். லாரியில் முன் சீட்டு காலியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
கலியாணசுந்தரம்


காஜா பேராங், மலாக்கா
14-5-1957

அத்தானுக்குக் கோகிலாவின் வணக்கம்.

கடிதம் கிடைத்தது. வலது கை நன்றாக இருப்பதால் எழுத முடிகிறது. இடது கையில் மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. சட்டியைப் பிடித்துக்கொண்டு கிண்ட முடியாது. மற்றபடி வேலை செய்கிறேன். கட்டுத்துணி சுருட்டுவது, ஊசிகளைக் கொதிக்கவைப்பது, வருகிறவர்களுக்குச் சீட்டுக் கொடுப்பது. கிளினிக்குக்கு எதிரே நாசி லெமாக் சோறு விற்கும் ஹலீமா அக்கா வீட்டில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டரம்மா பெயர் ஓனா. வெள்ளைக்காரிதான், ஆனால் இங்கிலீஷ்காரி இல்லை. லிதுவேனியா என்று ஒரு நாடாம். யுத்தத்தில் ரஷ்யாவும் ஜெர்மனியும் மாறி மாறிப் பிடித்ததில் இப்போது அந்த நாட்டுக்குத் தனிக் கொடியே இல்லையாம். அகதி முகாமில் நாலு வருஷம் கிடந்தவரைப் பாதிரிமார்கள் இங்கே அனுப்பியிருக்கிறார்கள். என்னோடு கடைத்தெரு மலாயில் பேசுவார். எனக்கும் அதுதானே வரும்.

போலீசுக்கும் கோர்ட்டுக்கும் ரிப்போர்ட்டை இங்கிலீஷில் எழுத வேண்டும். அதற்காக ஒரு நோட்டில் இங்கிலீஷ் வார்த்தைகளும் எதிரே தன் பாஷைப் பொருளும் எழுதிவைத்திருக்கிறார். ஒரு பக்கம் முழுக்க, எதனால் எது உண்டானது என்று சொல்வதற்கான வார்த்தைகள். 'காஸ்' என்றால் 'சுகெல்தி', ஒன்றை விளைவிப்பது. 'ஃபோர்ஸ்' என்றால் 'ப்ரிவெர்ஸ்தி', பலவந்தமாகச் செய்யவைப்பது. தமிழ் ஆட்கள் வந்து சொல்வது புரியவேண்டும் என்று மூன்றாவதாக ஒரு வரிசை போட்டு, அதில் என்னைத் தமிழ் எழுதச் சொல்கிறார். நாலு பிள்ளைகளோடு பள்ளிக்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து படித்த தமிழ் இதற்குப் பயன்படுகிறது.

விஜயாவை என்னிடம் அனுப்பிவையுங்கள். ஜெயா கூட்டிக்கொண்டு வந்தால் போதும். நீங்கள் வரவேண்டாம்.

உங்கள்
கோகிலா


தோட்ட ஆபீஸ், ஜாசின்
26-5-1957

அன்புள்ள கோகிலாவுக்கு,

நாடில்லாத டாக்டரம்மாவுக்கு என் மனைவி வாத்தியார் ஆகிவிட்டாள் என்று படித்துச் சிரித்தேன். சிரிப்பு அரை நாள்கூட நிலைக்கவில்லை. நேற்று ஆபீசுக்குப் போலீஸ் வந்தது. உன் டாக்டரம்மா ரிப்போர்ட் எழுதியிருக்கிறாளாம். கூட வேலை செய்கிறவர்கள் முன்னால், ஒரு சின்னப் பையன் இன்ஸ்பெக்டர், என்னை நிற்கவைத்துக் கேள்வி கேட்டான். பதினோரு வருஷமாக இந்தத் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி நான்.

யோசித்துப் பார். ஆகஸ்டில் மெர்டேகா, நாட்டுக்குச் சுதந்திரம். இங்கேயுள்ள பெரிய கிராணி ஊருக்குத் திரும்பப் போகிறார். அந்த நாற்காலி எனக்கு என்று துரையே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். பெரிய வீடு, தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே. இந்த நேரத்தில் கேஸ் என்றால் எல்லாம் போயிற்று.

நீ ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். ஸ்டேஷனுக்குப் போய், "குளிக்கிற இடத்துல வழுக்கி விழுந்துட்டேன், வலியில என்ன சொன்னேன்னு தெரியல" என்று சொன்னால் போதும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசரும் அப்படித்தான் சீட்டு எழுதியிருக்கிறார். லாயர் ஒருவரைப் பார்த்தேன். அப்படியே கேஸ் வந்தாலும், நீ பேசிய பேச்சுத்தான் என்னை 'ப்ரொவோக்' செய்தது, அதாவது தூண்டிவிட்டது, என்று வாதாடலாமாம். உன் பெயர் கோர்ட்டில் அப்படி அடிபடுவதில் எனக்கு விருப்பமில்லை.

விஜயாவை அனுப்புவதைப் பற்றி நீ வந்தபிறகு பேசலாம். தாய் இருக்கும் இடத்தில்தான் பிள்ளை இருக்க வேண்டும். தாயின் இடம் இங்கே.

அன்புடன்,
கலியாணசுந்தரம்


காஜா பேராங், மலாக்கா
9-6-1957

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு நாலைந்து நாள் எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். இன்று எழுதிவிடுகிறேன்.

நான் முதல் நாள் இங்கே வந்து விழுந்தபோது டாக்டரம்மாவிடம், "தாங்கான் பாத்தா" என்றேன். கை ஒடிந்துவிட்டது. அவர் எலும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சியாப்பா பிகின்?" என்று கேட்டார். யார் செய்தது? நான் பதில் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் காய்ச்சலில் கிடந்தபோது மறுபடி கேட்டார். அப்போதும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சொன்னேன்.

போன வாரம் நோட்டில் ஒடிவது என்ற வார்த்தைக்கு வந்தோம். இங்கிலீஷில் ஒடிவதற்கும் ஒடிப்பதற்கும் ஒரே வார்த்தைதானாம். தன் பாஷையில் தானாக ஒடிந்தால் 'லூஷ்தி', ஒருவர் ஒடித்தால் 'லௌஷ்தி' என்றார். தமிழில் எப்படி என்றார். ஒடிந்தது, ஒடித்தார் என்று எழுதிக் காட்டினேன். அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இவ்வளவு தூரத்தில் இருக்கிற ஜனங்களுக்கும் இது தெரிந்திருக்கிறதே" என்றார். பிறகு தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் தம்பி யுத்தத்தில் இறந்துவிட்டான் என்றுதான் சொல்வாராம். அவனைக் கிணற்றடியில் நிற்கவைத்து ஒருவன் சுட்டான். சுட்டவன் பக்கத்துத் தெருக்காரன். அதை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார்.

நீங்கள் லாயர் சொன்னதாக எழுதிய வார்த்தையையும் கேட்டேன். "எங்க பாஷையிலும் ஏறக்குறைய அதே வார்த்தைதான். அடிக்கிறவங்களுக்கு எந்த ஊரிலும் அது பிடிக்கும்" என்றார்.

உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். பேச்சு முற்றியது, கோபம் வந்தது, கை ஒடிந்தது, பிள்ளை தங்கவில்லை. அந்த வீட்டில் நீங்கள் ஒருவர் இருந்ததாகவே அதில் தெரியவில்லை.

மத்தியானம் மூன்று மணி. நான் பருப்பு களைந்துகொண்டிருந்தேன். செருப்போடு உள்ளே வந்தீர்கள். துரை திட்டியதைச் சொல்லி என்னைத் திட்டினீர்கள். "இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். நீங்கள் கதவுத் தாழ்க்கட்டையை உருவினீர்கள். முதல் அடி தோளில். இரண்டாவதற்குக் கையைத் தூக்கினேன்; முழங்கைக்குக் கீழே விறகு முறிக்கிற சத்தம். எனக்குக் கேட்டது என்றால் உங்களுக்கும் கேட்டிருக்கும். அங்கே நிறுத்தியிருக்கலாம். கீழே கிடந்தவளின் ஐந்து மாத வயிற்றில் உதைத்தீர்கள். மூன்று தடவை. மூன்றாவது தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு, குறிபார்த்து உதைத்தீர்கள். பிறகு டிரெசரைக் கூப்பிட்டு, வழுக்கி விழுந்தாள் என்று நீங்களே பக்கத்தில் நின்று எழுதவைத்தீர்கள். மறுநாள் விடியும்போது பாவாடையில் ரத்தத்தோடு நான் ரோட்டுக்கு நடந்து பஸ் ஏறினேன்.

குழந்தை தங்காமல் போகவில்லை. நீங்கள் கொன்றீர்கள். ஆணா பெண்ணா என்று இதுவரை நீங்கள் கேட்கவில்லை. ஆண். இங்கே ஒரு மருந்துப் பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள்.

ஸ்டேஷனில் நான் பொய் சொல்ல மாட்டேன். விஜயாவை அனுப்புங்கள்.

கோகிலா


ஜாசின்
15-6-1957

கோகிலா,

வெள்ளைக்காரி சொல்லிக்கொடுத்து எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. புருஷனுக்கே இலக்கணம் சொல்லித்தருகிற அளவுக்கு ஆகிவிட்டது. நேரில் வருகிறேன். அவளையும் இருக்கச் சொல். கை எப்படி ஒடியும், எப்படி ஒடிப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் சேர்த்தே பாடம் நடத்துகிறேன்.

கலியாணசுந்தரம்


காஜா பேராங், மலாக்கா
7-7-1957

அத்தானுக்கு,

ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நினைவு முழுதாகத் திரும்பிவிட்டது என்று ஜெயா சொன்னாள். அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குச் சரியாக நினைவில்லையாமே. பானை சாய்ந்து சுடுதண்ணீர் உங்கள்மேல் கொட்டிவிட்டதாகப் போலீசில் சொன்னீர்களாம். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னீர்களா, நிஜமாகவே தெரியாதா, எனக்குத் தெரியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை. வெளியே பதினைந்து பேர் வரிசையில் இருந்தார்கள். பஸ்ஸில் இருந்து இறங்கி, சாக்குத்துணியில் சுற்றிய பாராங்கத்தியோடு வந்தீர்கள். வரிசையில் நின்ற சீனக் கிழவரைத் தள்ளினீர்கள். படியில் அவர் தலை மோதியது. டாக்டரம்மா வாசலை மறித்து நின்றார். "டோக்டர், மிங்கிர்! வழி விடு! என் பொண்டாட்டி, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கத்தினீர்கள். அவர் நகரவில்லை. நீங்கள் வெட்டினீர்கள். அவர் கையால் தடுத்தார். வலது கையில் இரண்டு விரல்கள் தரையில் விழுந்தன. அவர் கத்தவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "லாரி!" என்றார். மலாயில் ஓடு என்று அர்த்தம்.

நான் ஓடவில்லை. அடுப்பில் ஊசி கொதிக்கிற பெரிய பானை இருந்தது. கட்டுப் பிரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு கையாலும் பானையின் காதுகளைப் பிடித்துத் தூக்கினேன். என் உள்ளங்கைத் தோல் பானையோடு போனது. நீங்கள் இரண்டாவது தடவை கத்தியை ஓங்கியபோது உங்கள் கழுத்திலும் நெஞ்சிலும் ஊற்றினேன். சட்டை தோலோடு ஒட்டிக்கொண்டது. நீங்கள் போட்ட சத்தம் மனுஷன் சத்தமாக இல்லை. ஹலீமா அக்கா ஓடிவந்து கத்தியைக் காலால் தள்ளிச் சாக்கடையில் போட்டார். டாக்டரம்மா தன் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, விரல் இல்லாத கையோடு, முதலில் உங்கள்மேல்தான் குளிர்ந்த தண்ணீர் ஊற்றச் சொன்னார். உங்கள் உயிர் இருப்பது அதனால்தான்.

இன்ஸ்பெக்டர் வருமுன் ஹலீமா அக்கா என் காதில், "பானை கவுந்துருச்சுன்னு சொல்லும்மா, யாரு கேக்கப்போறா" என்றார். நான், "கவுழல சார். நான்தான் ஊத்தினேன். மறுபடி வெட்ட வந்தாரு, ஊத்தினேன்" என்று சொன்னேன். என்மேல் கேஸ் இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். இருந்தாலும் உங்கள் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை. ஊற்றியதற்காக வருத்தப்படவில்லை, ஊற்ற வேண்டிவந்ததற்காக அழுதேன்.

கோகிலா


சிறைச்சாலை, பண்டார் ஹிலிர்
8-9-1957

கோகிலாவுக்கு,

இதை எழுத அனுமதி வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் நான் செய்தேன் என்று கோர்ட்டில் ஒப்புக்கொண்டேன். லாயர் வேண்டாம் என்றுவிட்டேன். ஒரு வருஷம் தண்டனை கொடுத்திருக்கிறார்கள். கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டதால் தலையை இடதுபக்கம் திருப்ப முடியவில்லை.

மெர்டேகா அன்று வெளியே மைதானத்தில் ஜனங்கள் கத்தியது சுவரைத் தாண்டிக் கேட்டது. உள்ளே எல்லாரும் சேர்ந்து கத்தினோம். பக்கத்தில் நின்ற கிழவன் ஒருவன், "உனக்கு என்னாப்பா கேஸ்?" என்று கேட்டான். பொண்டாட்டி கை ஒடிந்தது என்று வாய்வரை வந்தது. பிறகு, "ஒடிச்சேன்" என்று சொன்னேன். அவன் என்னைவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றான்.

உன் ஜூன் மாதக் கடிதம் எனக்கு மனப்பாடம். அதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. நான் கையை ஒடித்தேன். நான் உதைத்தேன். என் மகனை நான் கொன்றேன். உனக்கு உதவிசெய்த, ஊரில்லாத ஒரு பெண்ணின் விரல்களை வெட்டினேன். கோபம் வரவில்லை, நான்தான் வந்தேன். நீ ஊற்றியது சரி. பானை சாய்ந்தது என்று நான் சொன்னது உன்னைக் காப்பாற்றத்தான், அதை மட்டும் நம்பு.

இவ்வளவு கேவலத்திலும் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டு. விஜயாமேல் இந்தக் கை பட்டதே இல்லை. அவளை ஜெயா உன்னிடம் கொண்டுவந்து விடுவாள், சொல்லிவிட்டேன். தாய் இருக்கும் இடத்தில் பிள்ளை இருக்கட்டும்.

உன்னிடம் எதையும் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. முடிந்தால் பதில் எழுது.

கலியாணசுந்தரம்


காஜா பேராங், மலாக்கா
22-9-1957

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை டாக்டரம்மாவுக்கு மலாயில் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் போனார். தன் தம்பியைச் சுட்டவன் இப்படி ஒரு வரி எழுதியிருந்தால், என்று தொடங்கினார், முடிக்கவில்லை. இப்போது இடது கையால் எழுதிப் பழகுகிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எழுத்து கோணுகிறது. தானே பார்த்துச் சிரிக்கிறார்.

நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் வரவில்லை. ஆனால் பத்து வருஷத்தில் இந்தக் கடிதத்தில்தான் நீங்கள் நிஜமாகவே என்னோடு பேசினீர்கள் என்று தோன்றியது. அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெளியே வந்தபிறகு தோட்டம் வேண்டாம். இங்கேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு, டவுனில் ஏதாவது வேலை பாருங்கள். தனித்தனியாகவே இருப்போம், ஒரு வருஷம் போகட்டும், பிறகு பார்ப்போம். விஜயா வந்ததும் பார்வை நாளில் கூட்டிக்கொண்டு வருகிறேன். சிறையில் கொடுக்க விட்டால் புளிச்சோறு கொண்டுவருகிறேன்.

உங்கள்
கோகிலா


காஜா பேராங், மலாக்கா
13-10-1957

திரு. கலியாணசுந்தரம் அவர்களுக்கு,

விஜயா திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள். ஜெயா பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆறு மாதத்தில் உயரமாகிவிட்டாள். என்னைப் பார்த்ததும் ஓடிவருவாள் என்று நினைத்தேன். ஜெயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் ஹலீமா அக்கா சோறு போட்டார்கள். சாப்பிடும்போது ஒரு பீங்கான் தட்டு மேசையிலிருந்து விழுந்து உடைந்தது. என் முழங்கை பட்டுத்தான் விழுந்தது. குனிந்து பொறுக்கப்போனேன். பிள்ளையைக் காணோம். மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டி, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "தானா உடைஞ்சிருச்சு, தானா உடைஞ்சிருச்சு, நான் இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா அங்கே இல்லை. இருந்தது நாங்கள் மூன்று பெண்கள்.

குளிப்பாட்டும்போது பார்த்தேன். தொடையின் பின்பக்கம், முழங்காலுக்கு மேலே, ரோத்தான் பிரம்பின் தழும்புகள். பழசும் இருக்கிறது, அதற்கு மேலே ஆறிய புதுசும் இருக்கிறது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். அவர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பதினேழு. இந்தத் தடவை, யார் செய்தது என்று அவர் கேட்கவில்லை.

ஜெயாவைக் கேட்டேன். வாயை மூடிக்கொண்டு அழுதாள். "சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சாமி படத்துமேல சத்தியம் வாங்கிட்டாரு அண்ணி" என்றாள். நான் போன பிறகு தொடங்கியதாம். முதல் தடவை எப்போது என்றால், மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் மேசையில் உட்கார்ந்து எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தீர்களாம். பிள்ளை அம்மா வேண்டும் என்று அழுததாம். எழுத விடாமல் தொந்தரவு செய்கிறது என்று ரோத்தானை எடுத்தீர்களாம். அடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, கடிதத்தை முடித்தீர்களாம். உங்கள் மே ஐந்தாம் தேதிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதான். "தினமும் என் மடியில்தான் தூங்குகிறாள்" என்று அதில் எழுதியிருக்கிறீர்கள்.

சிறையிலிருந்து எழுதியதில் எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டீர்கள். எனக்குத் தெரியாத ஒன்றை மட்டும் ஒளித்தீர்கள். நான் அந்தக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியவள். அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பார்வை நாளில் வரமாட்டேன். ஒரு வருஷம் போகட்டும் என்று எழுதியதை எடுத்துவிடுங்கள். டாக்டரம்மா இடது கையால் புது ரிப்போர்ட் எழுதிவிட்டார். நான் பக்கத்தில் இருந்து வார்த்தை எடுத்துக்கொடுத்தேன். நாளைக்கு ஸ்டேஷனில் கொடுக்கிறோம். நீங்கள் எழுதினால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நேற்று விஜயாவைக் கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் உடைத்த தட்டுக்குப் பதிலாக ஹலீமா அக்காவுக்கு ஒன்று வாங்கினோம், ஓரத்தில் நீலப் பூப் போட்டது. காகிதம் சுற்ற வேண்டாம் என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன். "விழுந்துச்சுன்னா?" என்று கேட்டாள். "விழுந்தா இன்னொண்ணு வாங்கலாம்" என்றேன். தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தாள். ரோடு கடக்கும்போதும் நான் வாங்கிக்கொள்ளவில்லை. வீடு வரைக்கும் அவளே கொண்டுவந்தாள்.

கோகிலா